பூஜைக்குப் பிடுங்கிய ஹார்ட் டிஸ்க்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் என் போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். எங்கோ ஒரு எடிட்டரின் ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை.

இந்த வருடம் சீர்காழியிலிருந்து. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவராம்.

“மேடம், டிஸ்க்கு மேக்ல காட்டவே மாட்டேங்குது.”

“கேபிள மாத்திப் பாத்தீங்களா?”

“பாத்துட்டேன்.”

“வேற போர்ட்டுல?”

“அதுலயும் சொருகிப் பாத்தாச்சு.”

“பூஜையில வச்சீங்களா?”

“வச்சோம்...”

“சந்தனம் எங்க வச்சீங்க?”

“நான் நடுவுலதான் மேடம் வச்சேன். வீட்டுல, ‘நாலு பக்கமும் வைங்க, அப்பதான் லட்சணமா இருக்கும்’னாங்க. ஓட்டை எந்தப் பக்கம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியல.”

கேபிள் சொருகும் துளை முழுக்கச் சந்தனம். காய்ந்து கல்லாகியிருக்கிறது. குண்டூசியால் குத்தக்கூடாது, ஊதக்கூடாது, தண்ணீர் கூடவே கூடாது என்றேன். செல்போன் ரிப்பேர் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, மெல்லிய பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டு எடுக்கச் சொன்னேன். நன்றாகக் காயவிட்டுத்தான் கேபிளைச் சொருக வேண்டும். மதியம் திரும்பக் கூப்பிட்டார்.

“வந்துடுச்சு மேடம்! சாமிதான் காப்பாத்துச்சு!”

“அடைச்சது யாரு?” என்றேன். இருவரும் சிரித்தோம்.

போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கடமை இருக்கிறது. “இந்த வாரம் மேக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எடிட்டர்களுக்கு உபயோகமான டிப்ஸ் மட்டும் எழுதுங்கள், புலம்பல் வேண்டாம்” என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வாசகர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, டிப்ஸ் தருகிறேன். புலம்பல் வராது என்று மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

முதலில், எஜெக்ட். டிஸ்கைப் பிடுங்குவதற்கு முன் எஜெக்ட் செய்து, மேக்கிடம் முறையாக விடைபெற்றுக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல ஒரு பத்தி தேவையா? தேவை. எஜெக்ட் கொடுத்தால், ‘இந்த டிஸ்க் உபயோகத்தில் இருக்கிறது’ என்று மேக் மறுக்கும். எல்லா சாஃப்ட்வேரையும் மூடியிருப்பீர்கள். அப்படியும் மறுக்கும். பல சமயம் பின்னால், ஃபைல் தேடிக் கொடுக்கும் ஸ்பாட்லைட் உட்கார்ந்து உங்கள் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கும். செட்டிங்கில் ஸ்பாட்லைட் பிரைவசி என்று ஒரு இடம் உண்டு. அதில் எடிட்டிங் டிஸ்கைச் சேர்த்துவிடுங்கள், பிறகு அந்தப் பக்கம் வராது. அதற்கும் மசியவில்லையா? மேக்கையே ஷட் டவுன் செய்துவிட்டுப் பிடுங்குங்கள். அவ்வளவு அவசரம் உலகத்தில் எதற்கும் இல்லை — கற்பூரத்தைத் தவிர.

அடுத்தது, பெரிய ரெண்டர், அதாவது எடிட்டை முழு வீடியோவாக்கும் வேலை, போட்டுவிட்டுச் சாப்பிடப் போவீர்கள். வந்து பார்த்தால் மேக் தூங்கிக்கொண்டிருக்கும், ரெண்டரும் கூடவே. டெர்மினலைத் திறந்து ‘கேஃபினேட்’ என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். காபியில் இருக்கிற அதே கேஃபின்தான். அந்த ஜன்னலை மூடும்வரை மேக் கண்ணை மூடாது.

எடிட் செய்யும் ஃபைனல் கட் சாஃப்ட்வேர் காரணமில்லாமல் அடம்பிடித்தால், ஆப்ஷன், கமாண்ட் இரண்டையும் அமுக்கிக்கொண்டே அதைத் திறந்து, பழைய பிரிஃபரன்ஸை அழித்துவிடுங்கள். உங்கள் எடிட் எங்கேயும் போகாது. சாஃப்ட்வேரின் கிறுக்குத்தனம் மட்டும் போகும். மனிதர்களுக்கும் இப்படி இரண்டு பட்டன் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்...

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. திரையில் ஏதாவது செய்தி வந்தால், முழுசாகப் படியுங்கள். படித்த பிறகு பட்டனைத் தொடுங்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துகூடக் கிடையாது, கைநாட்டுதான். வீட்டுக்கு வருகிற எழுத்து எதுவானாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். உரமூட்டையில் இருப்பது, மாத்திரை அட்டையில் இருப்பது, மணியக்காரர் ஆபீஸ் நோட்டீஸில் இருப்பது — ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தால் நஷ்டம் எங்களுக்கு. அந்தப் பழக்கம் எனக்கு இன்றுவரை போகவில்லை. மேக் என்ன சொன்னாலும் கடைசி எழுத்துவரை படிப்பேன்.

படிக்காமலே பட்டனை அமுக்கும் துணிச்சல், பரம்பரையாகப் படித்தவர்களுக்குத்தான் வரும் போலிருக்கிறது.

அப்படி ஒரு துணிச்சல்காரரிடம்தான் நான் முதன்முதலில் வேலை பார்த்தேன். திருவாரூரில் ஒரு வீடியோ ஸ்டுடியோ. ஒரே ஒரு மேக். முதலாளி, சிங்கப்பூரில் இருக்கும் மச்சானிடம் சொல்லி வரவழைத்தது. வாசல் போர்டிலேயே மேக்கின் படம் போட்டு வைத்திருந்தார். அதை ஓட்டத் தெரிந்த ஆள் நான் மட்டும்.

வேலை கேட்டுப் போன அன்று, நான் எடிட் செய்த ஒரு வீடியோவைக் காட்டினேன். பார்த்தார். பிடித்திருந்தது.

“எந்த ஊரும்மா?”

சொன்னேன்.

“அங்க எந்தத் தெரு?”

சொன்னேன்.

“ஓ...” என்றார்.

அந்த ‘ஓ’ எனக்குப் பழக்கம். பள்ளியில், ஹாஸ்டலில், காலேஜில், வாடகைக்கு அறை தேடிய எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறேன். ஒரே எழுத்துதான், ஆனால் நம்முடைய ஏழு தலைமுறையையும் அதற்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

ஆனாலும் வேலை கொடுத்தார். கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர்களிடம், “நம்ம எடிட்டர். டிகிரி படிச்ச பொண்ணு” என்று பெருமையாகத்தான் சொல்வார். ஊரை மட்டும் சொல்ல மாட்டார்.

ஆயுத பூஜை அன்று மட்டும் அவருக்கு ஒரு பழக்கம். பூஜைக்கு எல்லாம் எடுத்துவைக்கிற நேரத்தில் என்னைக் கூப்பிடுவார்.

“ம்மா, கடைத்தெருவுல போயி பூவும் பொரியும் வாங்கிட்டு வந்துடு. நல்ல பூவா பாத்து வாங்கு. அவசரமில்ல.”

அவசரமில்லை என்பதை அழுத்திச் சொல்வார். நான் திரும்பி வரும்போது கற்பூரம் அணைந்திருக்கும். சாமிக்குப் போட்ட மாலை ஏற்கெனவே சாமி மேல் இருக்கும், அது காலையிலேயே வாங்கியது. நான் வாங்கி வந்த பூவை வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்குச் சுற்றுவார். வாசலிலேயே எனக்கு ஒரு பொட்டலம் பொரி கிடைக்கும்.

முதல் வருடம் தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது வருடம் புரிந்தது. வருடம் முழுக்க அந்த மேக்கை நான் தொடலாம். அதற்குச் சாமி வருகிற நாளில் மட்டும் கூடாது.

மூன்றாவது வருடம்தான் இந்தக் கதை.

அந்த ஆவணியில் கீழ்வேளூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கல்யாணம் எடுத்திருந்தோம். பெண்ணின் அம்மா பெயர் மல்லிகா. கூலிக்கு நடவு நடுகிறவர். அப்பா குவைத்தில் கம்பி கட்டும் வேலை. மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டார், கம்பெனி விடவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கும்போது மனிதர் என்ன செய்வார்?

வீடியோ காலெல்லாம் அங்கே தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் எடுக்காது. அதனால் தாலி கட்டும் நேரத்தில் மல்லிகா அக்காவின் தம்பி, நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்டிமேளம் குவைத்துக்குக் கேட்டது. பெற்ற மகளின் கல்யாணத்தை அவர் காதால் மட்டும் அனுபவித்தார்.

கண்ணால் பார்க்க ஒரே வழி எங்கள் வீடியோதான். அவருடைய கேம்ப்பில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர், லீவு முடிந்து திரும்பிப் போகிறார். ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஃபிளைட். அவரிடம் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டும். அவரை விட்டால் அடுத்து யார், எப்போது போவார்கள் என்று தெரியாது.

எங்கள் ஸ்டுடியோவில் இன்னொரு பழக்கமும் இருந்தது. பெரிய இடத்து ஆர்டர் என்றால் இரண்டு டிஸ்கில் காப்பி போட வேண்டும். மற்றவர்களுக்கு ஒன்று. கல்யாணத்துக்குப் பின்னாலேயே ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம் வந்தது. அது இரண்டு டிஸ்கில் இருந்தது. மூன்றாவது ஒன்று முதலாளி வீட்டு பீரோவில். மல்லிகா அக்கா மகளின் கல்யாணம் ஒரே டிஸ்கில். மெமரி கார்டு என்ன ஆனது என்கிறீர்களா? அதை அழித்துவிட்டுத்தான் நிச்சயதார்த்தத்தைப் படம்பிடித்தார்கள்.

“சார், இந்தக் கல்யாணத்துக்கும் இன்னொரு காப்பி போட்டுடட்டா?” என்று கேட்டேன்.

“இதுக்கெல்லாம் எதுக்கும்மா? எடத்த அடைக்கும்.”

ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. எடிட் முடித்துவிட்டேன். முழு வீடியோவும் அதே டிஸ்கில் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. வழக்கம்போல் அழைப்பு வந்தது.

“ம்மா, பூவும் பொரியும்...”

“சார், ரெண்டர் ஓடுது. சாயங்காலம் ஆவும். மேக்கோட சொருகியிருக்கிற டிஸ்க்க மட்டும் தொடாதீங்க.”

“சரிம்மா, சரிம்மா. நீ போ. அவசரமில்ல.”

திரும்பி வந்து வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். மனைப்பலகையில் வாழையிலை விரித்து, கேமரா, லென்ஸ், லைட்டு, எல்லா டிஸ்கும் வரிசையாக. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கடைசியாக இருந்த டிஸ்கின் கேபிள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மேக் திரையில் செய்தி: டிஸ்க் முறையாக எஜெக்ட் செய்யப்படவில்லை.

“சார்! அதுதான் ஓடிக்கிட்டிருந்த டிஸ்க்கு!”

“ஒண்ண மட்டும் விட்டுட்டா நல்லாருக்குமா? அதுவும் ஆயுதந்தானே.”

“குடுங்க, இப்பவே பாத்துடுறேன்.” செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன்.

“ஏய் ஏய்... அங்கயே நில்லு! பூஜையில இருக்கிறத எடுக்கக்கூடாது. காலையில நேரம் பாத்துத்தான் எடுக்கணும்.”

நின்றேன்.

காலையில் நான் போவதற்குள் நல்ல நேரம் வந்துவிட்டது. முதல் கை முதலாளியின் கையாக இருக்க வேண்டும் அல்லவா? அவரே டிஸ்கை எடுத்துச் சொருகியிருக்கிறார். ‘இந்த டிஸ்கைப் படிக்க முடியவில்லை’ என்று மேக் சொல்லியிருக்கிறது. கீழே மூன்று பட்டன் இருக்கும் — இனிஷியலைஸ், இக்னோர், எஜெக்ட்.

வாசகர்களே, இந்தச் செய்தி உங்களுக்கு எப்போது வந்தாலும் இக்னோர் கொடுங்கள். பிறகு மேக்கிலேயே இருக்கும் டிஸ்க் யூட்டிலிட்டியைத் திறந்து ஃபர்ஸ்ட் எய்ட் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் எதையும் ஓட்டாதீர்கள், அது தெரிந்தவர்களிடம் போக வேண்டிய கேஸ். எது நடந்தாலும் இனிஷியலைஸ் மட்டும் கூடாது, அது டிஸ்கையே துடைத்துவிடும்.

எங்கள் முதலாளி இனிஷியலைஸ் கொடுத்தார். அடுத்து வந்த ஜன்னலில் எரேஸ். அதற்கும் சரி என்றார். அவர் பி.காம்.

“என்னமோ கேட்டுச்சும்மா, ஓகே குடுத்தேன். இப்ப டிஸ்க்கு நல்லா வருது பாரு. சுத்தமா இருக்கு.”

சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு ஃபைல் இல்லை.

விளக்கிச் சொன்னேன். முகம் வெளுத்தது. இரண்டு நிமிடம்தான். பிறகு நிறம் திரும்பிவிட்டது.

“வேல ஓடிக்கிட்டு இருக்கும்போது உன்ன யாரு எந்திரிச்சுப் போகச் சொன்னா?”

“நீங்கதான் சார். பூ வாங்க.”

“வாய் ரொம்ப நீளுது ஒனக்கு.”

சரி, வாயை விடுவோம். டிஸ்குக்கு வருவோம். இப்படி அழித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? பழைய சுழலும் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. அழிந்தது அட்டவணைதான், படங்கள் உள்ளேயே கிடக்கும், மேலே வேறு எதையும் எழுதாதவரை. அதனால் அந்த டிஸ்கில் ஒரு ஃபைலைக்கூடப் போடாதீர்கள். ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. பார்க்கக் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக இருக்கும், மிரள வேண்டாம். வீடியோ வகையை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேடச் சொன்னால், டிஸ்கை அடிமட்டம்வரை துழாவி எடுத்துக் கொடுக்கும்.

எடுத்ததை வேறு ஒரு டிஸ்கில்தான் வைக்க வேண்டும். எங்களிடம் காலி டிஸ்க் இல்லை. இருந்த இடத்தையெல்லாம் அரிசி ஆலையின் இரண்டாவது காப்பி பிடித்திருந்தது.

“அத அழிச்சுட்டு இத எடுத்துக்கட்டா சார்? வீட்ல ஒரு காப்பி இருக்குல்ல?”

“அவங்க யாரு தெரியுமா? வெளையாடுறியா?”

அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். நான் யார் என்றும் தெரியும்.

மேக்கின் உள்ளேயே இடம் தேடினேன். ஃபைனல் கட்டில் பழைய லைப்ரரியைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் ‘டிலீட் ஜெனரேட்டட் லைப்ரரி ஃபைல்ஸ்’ கொடுத்தால், தேங்கிப்போன ரெண்டர் குப்பையெல்லாம் போகும். எடிட்டுக்கு ஒன்றும் ஆகாது. தேவைப்பட்டால் மறுபடி தானே உண்டாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பழைய கல்யாணமாகத் துப்புரவு செய்ததில் தேவையான இடம் கிடைத்தது.

கிளிப்புகள் வந்தன. ஆனால் ஃபோட்டோரெக் பெயரைத் திருப்பித் தராது. எல்லாம் நம்பர். எது முதல், எது கடைசி என்று தெரியாது. கிளிப்புக்குள் பதிந்திருக்கும் தேதியை மீடியா இன்ஃபோ என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேர் காட்டும். திறந்து பார்த்தேன். எங்கள் கேமராவில் யாரும் தேதி செட் செய்ததே இல்லை. பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் அது ஆதிகாலத்து ஜனவரி ஒன்றாம் தேதிக்குத் திரும்பியிருக்கிறது. பெண்ணழைப்பும் பந்தியும் ஒரே நேரத்தில் நடந்ததாகக் காட்டியது. கேமராவில் தேதி செட் செய்யுங்கள்... கெஞ்சிக் கேட்கிறேன்.

கண்ணை வைத்துத்தான் அடுக்கினேன். பெண்ணின் மாலை எவ்வளவு வாடியிருக்கிறது? பந்தலில் வெயில் எந்தக் கம்பத்தைத் தொடுகிறது? வாசல் வாழைமரம் நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்துவிட்டதா? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கல்யாணம் கிட்டத்தட்ட வரிசைக்கு வந்துவிட்டது.

ஒன்றைத் தவிர. தாலி கட்டும் கிளிப்.

அது வந்திருந்தது. ஓட்டினால் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அதோடு படம் சாம்பல் கட்டங்களாக உடைந்துபோகிறது. சத்தம் மட்டும் தொடர்ந்து ஓடுகிறது. கெட்டிமேளம், குலவை, யாரோ ஒருவர் “அட்சதயப் போடுங்க, அட்சதயப் போடுங்க” என்று கத்துவது... எல்லாம் துல்லியமாகக் கேட்கிறது. படம் திரும்புவது, தாலி ஏறி, எல்லோரும் கண்ணைத் துடைக்கும்போது.

முதலாளி பின்னால் நின்று பார்த்தார்.

“அந்த எடத்துல ஸ்டில் போட்டோவ வச்சு சவுண்ட ஓட்டிடு. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?”

அவங்களுக்கு என்ன தெரியப்போவுது. இந்த வாக்கியத்தை என் அப்பாவுக்குக் கூலி நெல் அளந்து போட்ட ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். அதைத் தடுக்கத்தான் அப்பா என்னைப் படிக்கவைத்தார். இப்போது அதே வாக்கியத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்து, அதை என் கையாலேயே செய்யச் சொல்கிறார் இவர்.

மல்லிகா அக்காவுக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை நடவை விட்டுவிட்டு வந்தார். அரிசி ஆலைக்காரர் வந்தால் “வாங்க, உக்காருங்க, காபி சாப்பிடுறீங்களா” என்கிற முதலாளி, நாற்காலியிலிருந்து நகரவில்லை.

“என்னம்மா, சொல்லு.”

“பாப்பாதான் வரச் சொல்லுச்சுங்க. நாளைக்குக் குடுத்தனுப்பணுமுல்ல.”

“ஆங்... அதுல ஒரு சின்ன தகராறு. கரண்ட் போயிப் போயி வந்துச்சு பாரு, கம்ப்யூட்டர்ல கொஞ்சம் அழிஞ்சிபோச்சு. இந்தப் பொண்ணும் கவனிக்காம வெளிய போயிடுச்சு. சரி பண்ணிட்டோம், விடு.”

அக்கா என்னைப் பார்த்தார்.

“கரண்ட் போகலக்கா” என்றேன். “பூஜையில வைக்கிறதுக்காக சார் ஒயரப் பிடுங்கிட்டாரு. காலையில திரும்ப சொருகி, அவரே அழிச்சுட்டாரு. உங்க கல்யாணத்துக்கு இன்னொரு காப்பி போடல. போடட்டான்னு கேட்டேன், வேணாம்னுட்டாரு.”

முதலாளி எழுந்தார். “ஏ... இங்க பாரு—”

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. “தாலி கட்டுறது இருக்கா பாப்பா?”

“சத்தம் இருக்குக்கா. படம் போயிடுச்சு.”

ஓட்டிக் காட்டினேன். அக்கா அந்தச் சாம்பல் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் முழங்கி முடிந்தது.

“சத்தத்ததான் அவரு அன்னிக்கே கேட்டுட்டாரே” என்றார்.

நான் கிளிப்பை நிறுத்தினேன்.

“அக்கா, செல்போன்ல யாராவது எடுத்தாங்களா? நல்லா யோசிங்க.”

“செல்லு... மாப்ள தங்கச்சி கைய மேல தூக்கிக்கிட்டு நின்னுச்சு. என்னா எடுத்துச்சோ தெரியல.”

மாப்பிள்ளை வீடு திருவிடைமருதூர். போன் போட்டோம். எடுத்திருக்கிறது! வாட்ஸாப்பில் அனுப்பவா என்றார்கள். வேண்டாம் என்றேன். வாட்ஸாப் வீடியோவைப் பிழிந்து சக்கையாகத்தான் கொடுக்கும், ஒரிஜினல் வேண்டும். மாப்பிள்ளையே தங்கையின் போனை வாங்கிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினார். தலையெல்லாம் புழுதி.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ. முன்னால் யாரோ ஒரு மாமாவின் தோள். பாதி நேரம் அட்சதை போடும் கைகள். ஆனால் அந்த இடுக்கில் மூன்று முடிச்சும் தெரிகிறது. பெண்ணின் முகமும் தெரிகிறது.

இங்கே ஒரு டிப்ஸ் இருக்கிறது, விட மனமில்லை. செல்போன் வீடியோவை அப்படியே டைம்லைனில் போட்டால், போகப் போக மேளம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகும். போன், வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃபிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் காரணம். மீடியா இன்ஃபோவில் பார்த்தால் ‘வேரியபிள்’ என்று காட்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் போட்டு, ‘கான்ஸ்டன்ட்’ தேர்ந்தெடுத்து, உங்கள் கேமரா வேகத்துக்கே மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அசையாது. நான் அப்படி மாற்றி, உடைந்த கிளிப்பின் சத்தத்தை அதன் கீழே வைத்து, முதல் மேள அடியில் இரண்டையும் பொருத்தினேன். பொருந்திவிட்டது.

ஓட்டினேன். நடுவில் ஒல்லியாகக் கல்யாணம், இரண்டு பக்கமும் கறுப்பு.

அக்கா அசையாமல் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நானே இப்பதான் பாக்குறேன் பாப்பா. அன்னிக்கு என் தம்பி கையில இருந்த போனத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அவரு ‘கேக்குது, கேக்குது’ன்னுக்கிட்டே இருந்தாரா... வேற எதையும் பாக்கல.”

“மூஞ்ச பாருங்கத்த, எப்புடி முழிக்கிறேன்னு” என்றார் மாப்பிள்ளை. அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

பென் டிரைவுக்கும் ஒரு வார்த்தை. கேம்ப்பில் என்ன டிவி இருக்குமோ தெரியாது. எதிலும் ஓட வேண்டும் என்றால் ஃபேட் தர்ட்டி டூ-வில் ஃபார்மேட் செய்து, எம்.பி. ஃபோராகப் போடுங்கள். ஒரு ஃபைல் நாலு ஜி.பி.யைத் தாண்டினால் ஏறாது, பாகம் பிரித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஒன்றுக்கு இரண்டு பென் டிரைவ் கொடுங்கள். நான் கொடுத்தேன். இரண்டாவது, என்னுடையது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அக்கா போன் செய்தார்.

“அவரு பாத்துட்டாரு பாப்பா. மத்ததெல்லாம் சினிமா மாரி இருந்துச்சாம். அந்தத் தாலி கட்டுறது மட்டும், கூட்டத்துல நின்னு எட்டிப் பாத்தாப்புல இருந்துச்சாம். முன்னாடி தோளக் காட்டிக்கிட்டு நிக்கிறது யாருன்னு கேட்டுத் திட்டுனாரு.”

நல்ல முடிவு என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அந்த வாரமே ஸ்டுடியோ வாசல் போர்டில் புதிதாக ஒரு வரி ஏறியது: ‘அழிந்த வீடியோக்கள் மீட்டுத் தரப்படும்.’ வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி நடந்ததைச் சொன்னார். அவர் சொன்ன கதையில் கரண்ட் போயிருந்தது, ஒரு பெண் கவனக்குறைவாக வெளியே போயிருந்தாள், பூஜை போட்ட பலனால் எல்லாம் திரும்பக் கிடைத்திருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து எடிட் செய்துகொண்டிருந்தேன்.

அதற்காகக்கூட நான் வேலையை விடவில்லை. பொய் சொல்கிறவர்களிடம் வேலை பார்த்துத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் வளர்ந்தோம்.

விட்டது வேறொரு நாள். ஒரு காதுகுத்து ஆர்டர் வந்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான். மெமரி கார்டை மேக்கில் சொருகிக்கொண்டே சொன்னேன்.

“சார், இதுக்கு ரெண்டு காப்பி போட்டுடுறேன்.”

“இதுக்கெல்லாம் ஒண்ணு போதும்மா.”

கார்டை எஜெக்ட் செய்தேன். முறையாக. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இப்போது தஞ்சாவூரில் எனக்கென்று ஒரு அறை, ஒரு மேக், இரண்டு பேர் வேலைக்கு. அவர்களிடம் நான் தெரு கேட்கவில்லை. எந்த ஆர்டர் வந்தாலும் இரண்டு காப்பி, இரண்டு வேறு டிஸ்கில், அதில் ஒன்று வேறு வீட்டில். ‘பெரிய எடமா, சின்ன எடமா’ என்று பார்க்கிற சாஃப்ட்வேர் எதுவும் எங்களிடம் கிடையாது.

ஆயுத பூஜையும் உண்டு. பூ, பொரி எல்லாம் முந்தின நாளே வாங்கிவிடுவோம். கற்பூரம் காட்டும்போது மனிதர்கள் எல்லோரும் உள்ளே. ஹார்ட் டிஸ்குகள் மட்டும் வெளியே.